லைன் கோளாறு

என் கணவருக்கு எங்கள் வீட்டில் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்று பெயர். பட்டம் சூட்டியவன் என் தம்பி. வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இணைப்பு வராவிட்டால் இவரைத்தான் அழைப்பார்கள். இரண்டு பேர் பார்த்த வேலை. இன்னொருவர் விலகிப்போனதோடு சரி, அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை. ஹெட்போனை மாட்டினால் சாப்பாடு ஆறி அவலாகும்வரை கழற்ற மாட்டார்.

படுக்கையறைதான் அவர் ஆபீஸ். கட்டிலில் துணி மடித்தபடியே கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி வேலை தெரியும். பெரும்பாலும் டிஎன்எஸ் தகராறுதான். கம்ப்யூட்டருக்கு எண்தான் புரியும். நாம் கொடுக்கும் பெயருக்கு எண்ணைத் தேடிச் சொல்வது டிஎன்எஸ். ஆபீஸ் டிஎன்எஸ்ஸின் முகவரி தப்பாக இருந்தால் வெளியே எல்லாம் திறக்கும், பாட்டுகூடக் கேட்கும், ஆபீஸ் மட்டும் வராது. இதையே நாள் முழுக்க ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் என்றைக்கோ கத்தியிருப்பேன்.

அவருக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. பேசும்போதே இமை சொக்குகிறது. லீவு கேட்டால் மேலாளர், “ஆள் வரட்டும்” என்பார். கொஞ்சம் கூடுதல் நேரம் எழுந்துபோனால் சம்பளத்தில் கைவைப்பார்கள். லைன் கோளாறு ஒன்றுதான் யார் தலையிலும் விடியாது. இந்த மனுஷன் ஒருநாள் நாற்காலியிலேயே சாய்ந்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர பயம்.

அன்று மத்தியானம் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி அழைத்தாள். படுத்த படுக்கையான மாமியாரை இரவெல்லாம் பார்த்துக்கொள்கிறவள். முந்தைய இரண்டு நாளும் இதே நேரத்துக்கு அழைத்திருந்தாள்; அவள் முறை வருவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. இன்று உடனே எடுத்துவிட்டார். ஹெட்போன் காதை வலிக்கிறது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“சார், மறுபடியும் ஆபீஸ் பக்கம் எதுவும் திறக்கல.”

இவர் இங்கிருந்தே அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தார். எண்ணைக் கொடுத்தால் சர்வர் பதில் சொன்னது. பெயரைக் கொடுத்தால் மூச்சில்லை. வீட்டு கம்ப்யூட்டரை ஆபீஸோடு இணைக்கும் விபிஎன்னின் அமைப்பைத் திறந்தார். டிஎன்எஸ் முகவரியின் கடைசியில் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது. யாரோ கையால் அடித்தது. முதல் நாள், விரல் தவறியிருக்கும் என்று திருத்தினார். நேற்றும் அதே பத்தொன்பது. போன மாதம் ஒரு பழுதின்போது அந்த இடத்தைத் திறந்து எண் அடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

“இதை யாராச்சும் மாத்தினாங்களாம்மா?”

“ராத்திரி பூரா தூக்கமே இல்ல சார்” என்றாள்.

இவருக்குப் புரிந்துவிட்டது. அவளே கையால் மாற்றியதாக ஆபீஸ் பதிவில் எழுதினால் வேலை போய்விடும்.

“லைன் கோளாறு மாதிரி தெரியுதும்மா. அஞ்சு மணிக்கு மேல சரி பண்றேன். அதுவரைக்கும் சிஸ்டத்தைத் தொடாதீங்க.”

“சரிங்க சார்.”

எனக்கு வந்ததே கோபம். “ஊரார் வீட்டுப் பொண்ணுக்கு லீவு குடுக்கறீங்க. உங்களுக்கு யாருங்க குடுப்பாங்க?”

“சும்மா இரு, அடுத்த ஆள் லைன்ல இருக்காங்க.”

அந்த ஆளையும் முடித்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வழி எனக்கு மனப்பாடம். இவருடைய டிஎன்எஸ் முகவரியிலும் கடைசியில் பத்தொன்பது என்று அடித்தேன். விபிஎன்னை ஒருமுறை துண்டித்துச் சேர்த்தேன். அழைப்புகள் வரிசைகட்டும் திரை வெறுமையானது. கட்டிலுக்குத் திரும்பினேன்.

ஈர முகத்தோடு வந்தவர் பெயரைப் போட்டுப் பார்த்தார், எண்ணைப் போட்டுப் பார்த்தார், அமைப்பைத் திறந்தார். பிறகு மெல்லத் திரும்பினார். நான் ஏற்கெனவே மடித்த துண்டை மும்முரமாக மடித்துக்கொண்டிருந்தேன்.

“இதை யாராச்சும் மாத்தினாங்களா?”

“ராத்திரி பூரா நீங்க தூக்கத்துலயும் கால் பேசறீங்க. எனக்கும் தூக்கமே இல்ல.”

அவர் கைபேசியை எடுத்தார். லைன் கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மேலாளருக்குத் தட்டினார். துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலில் விழுந்தார்.

“அஞ்சு மணிக்கு எழுப்பிடு. அந்தப் பொண்ணுக்குச் சரி பண்ணணும்.”

நான் சரி என்று சொல்வதற்குள் குறட்டை வந்துவிட்டது.