வாங்கைத் தடவிப் பார்த்தவர்

ஜேர்மனியின் எர்லாங்கனில் எங்கள் அகதி விடுதிக்கு முன்னால் இருந்த பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கறுப்பு அமெரிக்கப் பெண் தினமும் வருவார். அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் ஒருவரின் மனைவி. அகன்ற தோள், சிரிக்காத முகம். நிறுத்தத்தில் உட்காரப் போட்டிருந்த நீள வாங்கில் என் பக்கத்து இடத்தை உள்ளங்கையால் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் இருந்த வாங்கு இவவுக்கு ஊத்தையோ?

ஒருநாள் காலை நான் ஏற்கெனவே கொதித்துப்போய் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் இருப்பதில்லை. இனி அவளை அனுப்பமாட்டேன் என்று ஆசிரியையிடம் சொல்லத்தான் புறப்பட்டிருந்தேன்.

"ஏன் தடவுறா எண்டு கேளடி," என்றேன் மகளிடம்.

அவள் டொச் மொழியில் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அமெரிக்காவிலை வெள்ளைப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை முதன்முதல் சேர்ந்த கறுப்புப் பிள்ளை இவவாம். கதிரையிலை குண்டூசி வைப்பினமாம். பக்கத்திலை இருந்த வெள்ளைப் பெட்டையை அவளின்ரை தேப்பன் பள்ளிக்கூடத்தாலை மறிச்சுப்போட்டாராம்."

"என்ரை பிள்ளை உப்பிடிப் படவேண்டாம். நானும் மறிக்கப்போறன் எண்டு சொல்லு."

"நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள் எண்டு கேக்கிறா, அம்மா."

"மூண்டு. அப்புவுக்குச் சுகமில்லாமல் போச்சு எண்டு சொல்லு."

பொய். ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சாதி குறைந்தவர்கள் என்று நிலத்தில் இருத்தி வைத்திருந்த பிள்ளைகளை எங்கள் வாங்கில் இருத்திய அன்று, என்னைப் பெற்ற அப்பு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பினாரோ தெரியாது. பேருந்து வந்தது. ஆசிரியையிடம் நான் ஒன்றும் சொல்லாமல், மகளை வகுப்பில் விட்டுவிட்டுத் திரும்பினேன்.