ஸ்படிகக் குகையில் ஒரு பாட்டில் பால்

என் மாமாவுக்குப் பக்தியும் எக்ஸ்கவேட்டர் ஓட்டும் லைசென்ஸும் ஒரே வருடத்தில் வந்தன. இரண்டில் எது அதிக ஆபத்தானது என்று எங்கள் வீட்டில் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அலோர் காஜா டவுனுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கருங்கல் குவாரியில் அவருக்கு வேலை. ஒருநாள் வெடியில் சரிந்த கற்களை அள்ளிக்கொண்டிருந்தபோது பாறைச் சுவரில் ஒரு துளை தெரிந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சுவரெல்லாம் கண்ணாடிக் கற்கள், நடுவில் முழங்கை உயரத்துக்கு ஒன்று தனியாக. வேறு ஆளாக இருந்தால் மேலாளரிடம் சொல்லியிருப்பார். மாமா ஒரு பலகைக் கல்லால் துளையை மறைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சுயம்புவாக ஸ்படிக லிங்கம் தோன்றியிருக்கிறது என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தைக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. பெரியவர்கள் அதைப் பேசும்போதெல்லாம் என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுவருவேன். அந்த லிங்கத்துக்கு ஒரு தடவை பாலாபிஷேகம் செய்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று அத்தை நம்பினார். ஆனால் அடுத்த வாரம் அந்தச் சுவரையும் வெடிக்கப்போகிறார்கள். துளையோ ஒரு சின்ன அண்டாவின் வாய் அகலம்தான். வயதுக்கு வராத பெண்பிள்ளை கையால் ஊற்றுவதுதான் விசேஷம் என்று மாமா கண்டுபிடித்தார். குடும்பத்தில் அந்தத் துளைக்குள் நுழையக்கூடிய ஒரே ஆளும் நான்தான் என்பதால் சாஸ்திரமும் வசதியும் ஒத்துப்போயின. எனக்கு ஒன்பது வயது.

அம்மாவிடம் பசாருக்குக் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மாமா, அத்தை, நான் மூவரும் எங்கள் ஊரான பாயா ரும்புட்டிலிருந்து கிளம்பினோம். தொழிலாளர்களில் பாதிப்பேர் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம். எதிர்ச்சுவரில் அன்று வெடி உண்டு, ஆனால் நான்கு மணிக்குத்தான். காரில் மாமா எனக்குப் பாடம் நடத்தினார்.

"மொத சைரன் ஊதுனா எல்லாரும் ஓடணும். ரெண்டாவது ஊதுனா பள்ளத்துல ஒரு ஆளு இருக்கக்கூடாது. மூணாவதுக்கு வெடிதான். அதெல்லாம் நமக்கு வேண்டாம், அதுக்குள்ள வந்துருவோம்லா."

மாமா பலகைக் கல்லை நகர்த்திவிட்டுப் பாதை முனையில் காவலுக்குப் போனார். நான் பால் பாட்டிலும் டார்ச்சுமாக ஊர்ந்து உள்ளே போனேன். ஒரு சிறிய காரின் உட்புறம் அளவுக்குத்தான் இடம். உட்காரலாம், நிற்க முடியாது. ஆனால் டார்ச் வெளிச்சம் பட்டதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆறு பட்டை வைத்த கற்கள், எல்லாமே உட்புறம் பார்த்து வளர்ந்திருந்தன. அடிப்பக்கம் வெள்ளையாகக் கலங்கி, நுனிக்கு வர வரத் தெளிந்திருந்தன. சில பாலில்லாத தேநீர் நிறம். மூலைகளில் பொடிப்பொடியாகக் கற்கண்டு கொட்டியதுபோல் கிடந்தது. தரையில் துருநிறத்தில் ஈர மண். நடுவில் அந்த லிங்கம். லிங்கத்துக்கு உச்சி உருண்டையாக அல்லவா இருக்கும், இதற்குப் பென்சில் சீவியதுபோல் கூராக இருக்கிறதே என்று தோன்றியது. சாமி குற்றம் என்று பயந்து அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

"ஊத்திட்டியாம்மா?" வெளியிலிருந்து அத்தை கேட்டார். "நல்லா வேண்டிக்கிட்டு ஊத்து. அவசரப்படாத."

ஊற்றினேன். பாட்டில் காலியானதும் திரும்ப எத்தனித்தேன். பாலும் மண்ணும் சேர்ந்த வழுக்கலில் முழங்கால் சறுக்க, கையில் கிடைத்ததைப் பிடித்தேன். டிக் என்று ஒரு சத்தம். லிங்கத்தின் மேல்பாதி என் கையில் இருந்தது.

அந்த நேரத்தில் முதல் சைரன் ஊதியது.

வானம் கறுத்திருக்கிறது. மருந்து நிரப்பிய குழிகளில் இடி இறங்கினால் தானே வெடித்துவிடும் என்பதால், மழை வந்தால் முன்கூட்டியே வெடித்துவிடுவார்கள். இது மாமாவுக்குத் தெரியாதது அல்ல, பக்தியில் மறந்துபோயிற்று. அவர் வெடி வைப்பவர்களைத் தடுக்கப் பள்ளத்தின் மறுகோடிக்கு ஓடியிருக்கிறார்.

"வெளிய வாடி!" அத்தையின் குரல் கிழிந்தது. "போதும் வா!"

நான் வரவில்லை. உடைந்த துண்டை அதனிடத்தில் வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தேன். கனகச்சிதமாகப் பொருந்தியது, கையை எடுத்தால் சரிந்தது. ஈர மண்ணை அப்பி ஒட்டிப் பார்த்தேன். மறுபடி சரிந்தது. வெடியைவிட அத்தையின் முகத்துக்குத்தான் பயந்தேன். இந்த லிங்கத்தை உடைத்தவள் என்று தெரிந்தால் அவர் வாழ்நாளில் என் முகத்தில் விழிக்கமாட்டார். மூன்றாவது முறை வைத்தேன்.

இரண்டாவது சைரன்.

டார்ச்சைத் திருப்பினால் துளைக்குள் அத்தையின் தலை. பிறகு ஒரு தோள். ஒருக்களித்து, பாறையில் உடம்பை இழுத்து இழுத்து, பாதி உள்ளே வந்துவிட்டார். என் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பு. வெளியே வந்து விழுந்ததும் இருவரும் பக்கத்தில் நின்ற எக்ஸ்கவேட்டருக்குப் பின்னால் ஓடி அதன் இரும்புச் சங்கிலிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டோம். அத்தை என் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டார். மூன்றாவது சைரனுக்காகக் காத்திருந்தோம்.

அது ஊதவில்லை. வெடிப் பெட்டிக்கு முன்னால் மாமா கைகளை விரித்துக்கொண்டு நின்றதாகப் பிற்பாடு சொன்னார்கள். குவாரியின் மேஸ்திரியான மண்டோர் வந்து மாமாவை மலாயில் கிழி கிழியென்று கிழித்தார். அந்த மாதத்தோடு அங்கே அவருக்கு வேலை போயிற்று. குகையும் சொன்ன நாளில் வெடிக்கப்பட்டு ஜல்லியாகி ஏதோ ஒரு சாலைக்குப் போயிருக்கும்.

வீடு திரும்பும்போது பின்னிருக்கையில் அத்தையின் புடவை இடுப்புப் பக்கம் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவர் அடிவயிற்றில் கையை வைத்தபடி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். லிங்கத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடைந்த பிறகும் லிங்கம் வரம் கொடுத்துவிட்டதே என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்து மாதம் சுமக்க வேண்டிய பிள்ளை ஆறே மாதத்தில், அதுவும் கொழுகொழுவென்று வந்ததில் எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. சாமி கொடுத்தால் சீக்கிரம் கொடுக்கும் என்று வகுப்புத் தோழியிடம் விளக்கம் வேறு சொன்னேன்.

நானே முதல் பிள்ளையைச் சுமந்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கக்கூடப் பயந்து நின்ற ஒரு நாளில்தான் அந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அத்தை அன்று பிள்ளை வேண்டும் என்று கேட்க வரவில்லை. வந்தது நிலைக்க வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார். மாமாவிடம்கூடச் சொல்லாத மூன்று மாதத்தோடு, இரண்டாவது சைரன் ஊதியபோது ஓட வேண்டிய பக்கம் ஓடாமல், வயிற்றைப் பாறையில் உரசிக்கொண்டு என்னை நோக்கி உள்ளே வந்திருக்கிறார்.