மக்காச்சோளக் காட்டில் போட்ட வெடி

நாடு முழுக்கத் தீபாவளிக்கு வெடிக்கிற வெடியெல்லாம் எங்கள் ஊரைச் சுற்றித்தான் தயாராகும். ஆனால் எட்டு வயது வரைக்கும் ஒரு ஓலைவெடியைக்கூட நான் கையால் தொட்டதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளே நம்பவில்லை. "வேதக்காரங்கன்னா வெடி போடக் கூடாதாக்கும்? எங்க தெரு வேதக்காரங்க கிறிஸ்துமஸுக்கு அம்புட்டு வெடி போடுறாகளே" என்று மடக்குவார்கள்.

நாங்கள் இருந்த இடத்தைத் தோட்டம் என்போம். வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் ஏழெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய நிலம். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. மாடு எல்லாருக்கும் பொது, கிணறு பொது, உடுத்துகிற சேலைகூடப் பொது அறையிலிருந்துதான் வரும். ஆதிச் சபையார் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று மூப்பர் சொல்வார். மூப்பர் எங்களில் வயதானவர்; ஜெபம் நடத்துவதும் சாப்பாட்டு மணி அடிப்பதும் அவர் வேலை. மற்றவர்கள் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து கலந்தவர்கள். எங்கள் பக்கம் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் கொடுப்பது மட்டுமல்ல, வெடியில் அடைப்பதும்தான். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, ஒரு சீசனில் மருந்து அறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பாவும் அம்மாவும், அப்பாவின் தங்கையான அத்தையும், அத்தை வீட்டு மாமாவும் தோட்டத்தில் சேர்ந்தார்கள். இந்த நிலத்துக்குள் மருந்து வரக்கூடாது என்பது அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்துப் பண்ணிய பொருத்தனை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பகலில் யாராவது இரண்டு பேர் சண்டை போட்டிருந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பந்தியில் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும். கொடுக்கிறவரைக்கும் மணி அடிக்காது. மணி அடிக்காமல் சோறு கிடையாது, ஒருத்தருக்கும் கிடையாது! கைகொடுக்கும்போது மனசில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசக்கூடாது. பொய்யாகக் கைகொடுப்பது பெரிய பாவம். பெரியவர்களுக்கு அது ஆவிக்குரிய காரியம். எங்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. ஒருமுறை பருப்புக் கடைகிற மத்து யார் கையில் இருந்தது என்று இரண்டு பெரியம்மாக்கள் பிடித்த சண்டையில் சோறு ஆறி, ரசம் ஆறி, நாங்கள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனோம்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மிளகாய் கருகிவிட்டது, பருத்தியும் கைகொடுக்கவில்லை. கிணற்றடியில் போட்ட மக்காச்சோளம் ஒன்றுதான் மிச்சம். அதை நம்பித்தான் எல்லார் வயிறும். கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து அணைக்கரைச் சீமைக்கருவேலங் காட்டிலிருந்து பன்றிகள் இறங்கிவிட்டன. தின்றது கொஞ்சம், மிதித்தது கொள்ளை. பொது அறையில் இருந்த பழைய சேலையெல்லாம் வேலியாகப் போயிற்று. பன்றிகள் அதை முட்டிக்கொண்டு வந்தன. பிறகு முறை வைத்துத் தகரத்தைத் தட்டிக் கீர்த்தனை பாடினார்கள். மாமா சிரிப்பாகச் சொல்வார்: "நம்ம பன்னிக ரெண்டாவது சரணம் வரைக்கும் இருந்து கேட்டுட்டுத்தான் போகுதுக." அப்பா சிரிக்க மாட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் மட்டும் அந்தியானதும் நாலு வெடி போடுவார். அவர் பக்கம் ஒரு பன்றியும் எட்டிப் பார்க்காது. அங்கே விரட்டுகிற பன்றிகளும் சேர்ந்து எங்களிடம்தான் வரும்.

ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் எனக்கு இன்றைக்கும் நாக்கில் எச்சில் ஊறும், அன்றைக்கு மட்டும்தான் கோழிக்குழம்பு. மாமா சாத்தூர்ச் சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டுபோயிருந்தார். திரும்பி வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கம்கூட வராமல், சாக்கைத் தூக்கிக்கொண்டு நேரே காட்டுக்கு நடந்தார். பொழுது அடைகிற நேரம். நானும் அத்தை மகளும் அடுப்படி வாசலில் குழம்பு வாசனை பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது கேட்டது. டமார்! அடுத்தடுத்து டமார் டமார்! கிணற்றடிக்கு மேலே புகை எழும்பிற்று. பன்றிகள் குட்டியும் குடும்பமுமாகக் கரையைப் பார்த்து ஓடுகின்றன. அடடா, நாங்கள் இரண்டு பேரும் குதித்த குதி! எங்கள் நிலத்திலும் வெடி! திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

அப்பா மாட்டுக் கொட்டத்தில் பால் கறந்துகொண்டிருந்தார். வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சத்தம் வந்த திசையைப் பார்த்துச் சித்தப்பா பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். மாமா பேருக்குப் பதில் சித்தப்பா பேரைச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என் வாயைப் பொத்தினாள்.

கிணற்றடியில் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே நின்றார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "மருந்து வேண்டாம்னுதான மாப்ள எல்லாத்தையும் விட்டுட்டு இங்கன வந்தோம்? நீங்களே கொண்டாந்துட்டீகளே!" மாமா தலை குனியவில்லை. "சோளமும் போச்சுன்னா நம்ம பிள்ளைக எங்க மச்சான் போகும்? திரும்ப அந்தக் கம்பெனி வாசலுக்குத்தான போகும்? அதுக்கு இந்த நாலு வெடி மேல்." அப்பா, "இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டா நான் இந்த மண்ணுல இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் கோபமாகப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதுகொண்டே கோபப்பட்டார்.

ஆகக்கூடி, பந்தி நின்றுவிட்டது.

பாயில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் காலித் தட்டு. அண்டாவில் குழம்பு. மூப்பர் கண்ணை மூடிவிட்டார். அப்பாவும் மாமாவும் எழுந்து நிற்கிறார்கள், கைகள் தொங்குகின்றன. "மச்சான், அறுக்கிற வரைக்கும் போடமாட்டேன்னு என்னால சொல்ல முடியாது. பன்னி வந்தா போடுவேன். பொய் சொல்லிட்டுக் கைகுடுக்க மாட்டேன்" என்றார் மாமா. அப்பாவும் தான் சொன்னதை மாற்றவில்லை. பெண்கள் ஒரு பாட்டைத் தொடங்கி முடித்தார்கள், இன்னொன்றைத் தொடங்கினார்கள். சின்னதுகள் அழ ஆரம்பித்தன. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அத்தை அண்ணனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தபடி சுவரோரமாக நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அதைவிட அண்டா மூடியிலிருந்து வந்த ஆவிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

என்னால் தாங்க முடியவில்லை. அத்தை மகளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள், நான் அப்பாவின் கையை இழுத்தேன். யாரும் தடுக்கவில்லை. இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பிடி பிடி என்று எங்கள் நாலு கையாலும் அமுக்கினோம். மாமா எங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரே அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தார். "நீங்க இருங்க மச்சான். தம்பி போன பெறகு உங்களுக்கு இந்த எடந்தான. நான் எங்க போனாலும் மருந்து வேலைக்கு மட்டும் போக மாட்டேன். இது பொய் இல்ல." நான் கீழேதான் நின்றேன், ஒரு சொல் விடாமல் கேட்டது. காதில் கேட்டதே தவிர மண்டையில் ஏறவில்லை. மணி எப்போது அடிக்கும் என்று மூப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பிடித்த கையை விடவில்லை. மூப்பர் தாமாகவே வந்து பிரித்துவிட்டுத்தான் மணியை அடித்தார்.

அப்படி ஒரு சாப்பாடு! மாமாவே கரண்டியை வாங்கிப் பரிமாறினார். அப்பா தட்டில் ஈரலைத் தேடிப் போட்டார். எனக்கு இரண்டு தடவை குழம்பு கிடைத்தது. பார்த்தாயா, நம்மால்தான் ராசியானார்கள் என்று அத்தை மகளும் நானும் கிள்ளிக்கொண்டோம். அப்பா தட்டில் சோறு அப்படியே இருந்ததைப் பார்த்து, பால் கொட்டிப்போன வருத்தம் போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு லோடு வண்டி வந்தது. ஏற்றுவதற்கு அதிகம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, பாய், அத்தை மகளின் புத்தகப் பை. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் மாமாவுக்கு வேலை என்றார்கள். நாலு நாள் வேலை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவரும் கடைசிவரைக்கும் மண்டியில்தான் இருந்தார், மருந்துப் பக்கம் போகவே இல்லை. வெடிச் சத்தம் கேட்ட பன்றிகள் கொஞ்ச நாளைக்குத் திரும்பி வரவில்லை. அதற்குள் சோளம் முற்றி, அறுத்தும் ஆயிற்று. அந்தச் சோளத்தைத்தான் அந்த வருடம் முழுக்கத் தின்றோம்.

வண்டி கிளம்பும்போது அப்பா வரவில்லை, கிணற்றடியில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். அத்தை மகள் முன்சீட்டில் ஏறி எனக்குப் பழிப்புக் காட்டினாள். நானும் காட்டினேன். அத்தை ஏறப் போனவள் இறங்கிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாளாக யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால் நானே சொன்னேன்.

"அத்த, அப்பா கையவும் மாமா கையவும் நான்தான் சேத்து வச்சேன்."

"ஆமா தங்கம், நீதான் சேத்து வச்ச" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அப்படி அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று நினைத்து, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றேன்.