சூடேறாத ஆம்ப்ளிஃபயர்

என் கணவருக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: இனிமேல் கனம் தூக்கக் கூடாது. சுலபமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் கனம் தூக்காமல் என்ன செய்வார்? ஸ்பீக்கர் பெட்டிகளையாவது ஊர்ப் பையன்கள் நாலு பேர் பிடித்து இறக்கிவிடுவார்கள். ஆம்ப்ளிஃபயரை மட்டும் அவர் யாரையும் தொட விடமாட்டார். அது ஒன்றே அரிசி மூட்டை கனம்.

வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்கு வாட்ச்மேன் தேடுகிறார்களாம் என்று ஒரு நாள் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வயதிலிருந்து வயரும் ஸ்பீக்கருமாகத் திரிந்த மனிதர். அவரை ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கோபம் கோபமாக வந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. எங்கள் செட்டில் எது கெட்டுப்போனாலும் பிரித்துப் பார்ப்பது நான்தான். பழைய ஆம்ப்ளிஃபயர் உள்ளே வாங்கும் கரண்டில் பாதியைத்தான் பாட்டாக்கும். மீதி வெறும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் அவ்வளவு அலுமினியம், அதற்குத் தீனி போடத்தான் அவ்வளவு பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர். சூட்டைக் குறைத்தால் கனம் தானாகக் குறையும். ஸ்விட்ச் மாதிரி வேலை செய்கிற புது வகை போர்டுகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று என மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டர்கள், இரண்டும் மாறி மாறித் திறந்து மூடும். அரைகுறையாகத் திறந்து நிற்காததால் சூடு கம்மி. நானே அப்படி ஒன்று செய்வதென்று உட்கார்ந்தேன்.

ஆனால் ஒன்று முழுசாக மூடிய பிறகுதான் இன்னொன்று திறக்க வேண்டும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் போலீஸ்காரர்கள் ஒரு கேட்டைச் சாத்திவிட்டு அடுத்த கேட்டைத் திறப்பார்களே, அது போல. கண்ணிமைக்கிற நேரத்தில் ஒரு துளி இரண்டும் சேர்ந்து திறந்தாலும் போச்சு. எனக்கும் போச்சு, ஒரு முறை இரண்டு முறை இல்லை. பட்டென்று சத்தம், கருகிய வாசனை, அவர் அடுத்த அறையிலிருந்து, "மறுபடியுமா?" இடைவெளியைக் கூட்டினால் வெடிக்காது, குரல் கரகரக்கும். குறைத்தால் குரல் சுத்தம், மாஸ்ஃபெட்டின் உயிருக்கு உத்தரவாதமில்லை. அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிற ஒரு ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு காலையில் போர்டு வெடிக்காமல் நின்றது. ஷார்ட் ஆனால் காட்டிக்கொடுக்கட்டும் என்று கரண்ட் வரும் வழியில் மாட்டியிருந்த குண்டு பல்பு பளிச்சென்று எரியாமல் மங்கலாகவே இருந்தது. பேச்சுக் குரல் மணியாக வந்தது. பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், கைக்குழந்தை கனம்கூட இல்லை.

முதல் வேலை கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஊரில், ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழா. நானும் கூடப் போனேன். செட் போட்டு, பாட்டுப் போட்டு, கூட்டம் கூடிய பிறகு, நான் ஒரு டம்ளர் கூழ் வாங்கப் போன நேரம். மைக் செட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆம்ப்ளிஃபயர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால் வேலை செய்கிறது என்று அர்த்தம். அவரும் வைத்திருக்கிறார். ஜில்லென்று இருந்திருக்கிறது.

திரும்பி வந்தால் ஆளைக் காணோம். எங்கள் வேனுக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் பழைய ஆம்ப்ளிஃபயரையும் சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர். அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"வுடுங்க அத," என்று கத்தினேன்.

"புதுசு செத்துப்போச்சுமா. தொட்டுப் பாரு, சூடே இல்ல. சாமி பொறப்படற நேரம், மானம் போய்டும்."

"சூடாவக் கூடாதுன்னுதாங்க அதச் செஞ்சேன். காது எங்க போச்சு உங்களுக்கு?"

கைப்பிடியை விடாமலே நின்றார். அதற்குள் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். "அண்ணா, சவுண்டு ரொம்ப ஜாஸ்தியா கீது. யாருக்கு ஊத்துனோம், யாருக்கு ஊத்தலனு கேக்கவே முடியல. கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். அப்போதுதான் பாட்டு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டார். நான் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூழ் பாதி புடவையில்.

"செரிமா, கம்மி பண்றேன்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, சிரித்தபடி போனார்.

திரும்பும் வழியில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில். அவருக்குப் போன் வந்தது, யாரோ அடுத்த மாதம் ஒரு காதுகுத்துக்கு செட் கேட்டார்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகு யார் கேட்டாலும், "பாக்கலாம்ங்க," என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்துடறேன்ங்க," என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.