தம்பிக்கும் ஒரு இருக்கை

தீபாவளியன்று குடும்பமாகப் புதுப்படம் பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் தம்பி வேலை செய்யும் சரக்குக் கப்பல், போர் நடக்கும் வளைகுடாவில் இருந்தது. பல நாளாக அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

அம்மாவைக் கொஞ்சமாவது சிரிக்க வைக்கலாமென்று எங்கள் ஊரான அலோர் காஜாவிலிருந்து மலாக்கா நகருக்கு அழைத்துப்போனேன். தியேட்டரில் எந்தப் போஸ்டரைப் பார்த்தாலும் துப்பாக்கி.

"சிரிப்புப் படம் ஒண்ணுகூட இல்லையா?"

"இப்ப எல்லாமே சண்டப் படம்தான் லா, அக்கா," என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

ஊர் உலகம் பற்றியெரிந்தால் படம் எடுப்பவர்களுக்கு அதுதான் கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கினேன். அம்மா சொன்னபடி தம்பிக்கும் சேர்த்து மூன்று டிக்கெட். காலரில் மஞ்சள் தடவிய அவனுடைய புதுச்சட்டையை அம்மா அந்த இருக்கையில் விரித்து வைத்தார்.

இடைவேளைக்குப் பிறகு படத்தில் ஒரு கப்பல் வெடித்துச் சிதறியது. கதாநாயகன் மட்டும் நீந்திக் கரையேறினான். தியேட்டர் முழுக்க விசில்.

படம் முடிந்து விளக்குப் போட்டும் அம்மா எழவில்லை. சிந்திய பாப்கார்னைக் கூட்ட ஆள் வந்துவிட்டார்.

"போலாம்மா."

"இரு. கப்பல்ல இருந்த மத்தவங்கள இன்னும் காட்டலையே."