பின்சீட்டு பெல்ட்

வெயிலில் சுட்ட ரெக்சின் வாடை மூக்கில் ஏறினாலே எனக்கு இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அந்த வாடையோடுதான் அப்பாவின் புதுக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார். ஷோரூமில் கொடுத்த தாளை அப்பா மனப்பாடமே செய்துவிட்டு, முட்டினால் முன்னால் இரண்டு "காத்துப் பை" விரியும், ஏபிஎஸ் இருப்பதால் சடாரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, "சைல்டு லாக்" போட்டால் பிள்ளைகள் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். பின்சீட்டில் இருந்த மூன்று பெல்ட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திருப்பரங்குன்றத்தில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு சீட் கவர் கடைக்குப் போனோம். புதுச் சீட்டு அழுக்காகிவிடக் கூடாதாம். கடைக்காரர் அளவு எடுத்துக்கொண்டே, பின்சீட்டு பெல்ட் மாட்டும் இடத்துக்கு ஓட்டை விட்டுத் தைக்கவா என்று கேட்டார். "அத யாரு போடப் போறா? உள்ள அமுக்கித் தச்சிருங்கண்ணே, ஓட்டை விட்டா அசிங்கமா இருக்கும்" என்றார் அப்பா. பதினோரு வயதுக்காரி நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், சிவப்பு ரெக்சினைத் தடவிப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது மாதம் சமயநல்லூரில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். அம்மா முன்னால், நானும், ஏழு வயதுத் தங்கச்சி மலரும் பின்னால். அவள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். முன்னால் போன வைக்கோல் டிராக்டர் நடுரோட்டில் நின்றது, அப்பா பிரேக்கை மிதித்தார். ஏபிஎஸ் தன் வேலையைச் செய்தது, கார் இடிக்காமல் நின்றது. இடிக்காததால் காத்துப் பையும் விரியவில்லை. மலர் மட்டும் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே பறந்துபோய் கியர் கம்பியில் முகத்தை மோதினாள். வலது கண் போயிற்று.

காரில் ஒரு கீறல்கூட இல்லை என்று அதற்கும் ஒரு கூட்டம் சாமிக்கு நன்றி சொன்னது, அட பாவிகளா! "ஊர்க்கண்ணு அம்புட்டும் பட்டுருச்சு" என்று காரின் முன்னால் படிகாரத்தைக் கட்டினார்கள். அதுகூடப் போகட்டும். "இவ ஒழுங்கா உக்காந்திருந்தா இப்படி ஆயிருக்குமா, எந்திரிச்சு ஆடிக்கிட்டிருந்தா" என்று அப்பா ஒருநாள் யாரிடமோ சொன்னார். வீடே அதைப் பிடித்துக்கொண்டது. சொல்லிச் சொல்லி அவளையும் நம்ப வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், சின்ன வயசில் சேட்டை பண்ணி நானே வாங்கிக் கட்டிக்கொண்டது என்று சிரிக்கிறாள். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள் என்று தெரிந்த நானும் அப்பாவுக்குப் பயந்து வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்குள்ள கோபமும் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கார் கைமாறிப் போய்விட்டது, அந்தச் சீட் கவர் கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. என் காரில் பின்சீட்டில் பெல்ட் போடாவிட்டால் கீ கீ என்று கத்தும். போன வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோதும் கத்தியது. அவருக்கு மாட்டத் தெரியவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். வண்டியை எடுக்கும் முன்னால் அவரே பேசினார்.

"அன்னைக்கு நாந்தான் அமுக்கித் தைக்கச் சொன்னேன்."

"தெரியும்ப்பா. பக்கத்துலதான நின்னேன். மலர்கிட்டச் சொல்லுங்க."

மாட்டிய பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "அவளுக்கு மட்டும் தெரிய வேணாம் ஆத்தா" என்றார்.

வயதானவர், முடியாதவர், எல்லாம் சரி. மலர், நீ எழுந்து ஆடவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்குத்தான் தின்றுகொண்டிருந்தாய்.