குட்டியானையில் விரித்த மெத்தை

போன ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தபோது, அப்பா பரணிலிருந்து ஒரு தேங்காய்நார் மெத்தையை இறக்கி வாசலில் போட்டார். உறை கிழிந்து நார் துருத்திக்கொண்டிருந்தது. "ஒரு தடவகூட ஒதவாத மெத்த. எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

இரட்டைப் பிள்ளைகள் என் வயிற்றில் இருந்த கடைசி மாதம் விரித்தது அது. கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்ததால், மூத்தவனோடு கந்தர்வக்கோட்டைப் பக்கம் அப்பா வீட்டில் இருந்தேன். புதுக்கோட்டையில் என்னைப் பார்த்துவந்த டாக்டரம்மா அடிவயிற்றில் விரல்களை வைத்து இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். கீழே இருந்த பிள்ளையின் தலை அவர் கைக்குள் பந்து போல நழுவியது எனக்கே தெரிந்தது. இந்நேரம் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கியிருக்க வேண்டாமா என்று பயந்து கேட்டேன். இரண்டாவது பிரசவம், அதிலும் இரட்டை, வலி எடுத்த பிறகுகூட இறங்கும் என்றார். நஞ்சுக்கொடி வழியை மறிக்கவில்லை என்பதை ஸ்கேனிலும் பார்த்துவிட்டார். இதற்காக மட்டும் ஆபரேஷன் வேண்டாம், அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றவர், அப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

"அய்யா, தலை மேலயே இருக்கறப்ப தண்ணிக்குடம் ஒடைஞ்சா தொப்புள்கொடி முன்னாடி நழுவிடலாம். தலை அதை அமுக்கிட்டா பிள்ளைக்கு ஆபத்து. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, இடுப்புக்குத் தலகாணி குடுத்து, படுத்தபடியே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பா, முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியைக் கழுவி, மெத்தையை விரித்து, மேலே தார்ப்பாய் கட்டினார். 108 ஆம்புலன்ஸ் வருமே என்றாள் அம்மா. "வரட்டும். வராட்டி?" மறுநாள் அம்மாவையே அதில் படுக்கவைத்து ஒத்திகை ஓட்டினார். தூசிக்குப் பயந்து அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள, டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்களாம். "என்னைய உசுரோட பொணமாக்கிட்டாரு ஒங்கப்பா! இனிமே மூட்டையப் போட்டு ஓட்டச் சொல்லு" என்று ஆடித் தீர்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து சிரித்தேன். பிறகு அப்பா தனியாகவே போய், எந்த வேகத்தடையில் எப்படி ஏறி இறங்குவது என்று பழகினார். ராத்திரியானால் வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்திவைப்பார்.

குடம் உடைந்தது ஒரு பகலில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கால் வழியே வெதுவெதுவென்று ஓடியது. பார்த்தால், வண்டி ஒத்திகைக்குப் போயிருந்தது. அம்மா என்னை அங்கேயே ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணைகளை அண்டக்கொடுத்து, 108-ஐக் கூப்பிட்டாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"எங்கிட்டு இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல."

அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் உள்ளே ஓடிச் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் போய் நின்றபோது ஸ்ட்ரெச்சரோடு டாக்டரம்மாவே காத்திருந்தார்; ஆபரேஷன் தியேட்டரும் தயாராக இருந்தது. வழியிலேயே எனக்கு வலி பிடித்திருந்தது. அவர் கையை விட்டுப் பார்த்தார்.

"கொடி வரலம்மா. ரெண்டு பிள்ளைக்கும் துடிப்பு நல்லாருக்கு. தலை எறங்க ஆரம்பிச்சிருச்சு."

அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. தியேட்டருக்கு வேலை வரவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டும் பிறந்துவிட்டன. வெளியே அப்பா நர்சிடம் கேட்டது ஒன்றுதானாம்: "ரெண்டும் அழுதுச்சா?"

வாசலில் கிடந்த மெத்தையை நான் திரும்ப உள்ளே இழுத்தேன். "ஒதவலைன்னு யாருப்பா சொன்னா?" அந்த நாட்களில் இரவெல்லாம் பயம்தான். புரண்டு படுக்கும்போது ஜன்னல் வழியே பார்ப்பேன். விரித்த மெத்தையோடு வண்டி நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் தூங்குவேன். இத்தனை வருஷமாக அவரிடம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன்.

அப்பா மெத்தைப் பக்கம் குனிந்தார். நார் துருத்திய இடத்தை விரலால் உள்ளே தள்ளினார்.

"அப்ப ஒரு புது ஒறையாச்சும் தச்சுப் போடணும், ஆத்தா" என்றார்.